மல்லாந்து பார்த்த வீடுகள்

செருப்பை வாசலில் விட்டு, துணிமூட்டையைக் கதிரையில் இறக்கி, தலைத்துணியை ஒருமுறை இழுத்துச் சரிசெய்துகொண்டு றாபியா அந்தக் கட்டிலில் மல்லாந்து படுத்தாள். அது அவளுடைய கட்டில் இல்லை. அவளுடைய வீடும் இல்லை. முரசுமோட்டையில் வயலோரமாக இருக்கும் கஜனியின் வீடு. மத்தியான லுஹர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரம்தான். வெளியே வெயில் வரம்பின் தோலை உரித்துக்கொண்டிருந்தது. கைகள் இரண்டையும் பக்கத்தில் நீட்டி, காலைச் சற்றும் அசைக்காமல், கண்ணை மூடாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

கஜனி ஒரு நைட்டியை விரித்துப் பிடித்தபடி கதவடியில் நின்றாள்.

"அக்கா, சுகமில்லையோ? தேத்தண்ணி போடட்டா?"

"சுகத்துக்கு ஒரு குறையுமில்லை பிள்ளை. நீ நிறத்தைப் பார். நான் கூரையைப் பாக்கிறன்."

"கூரையில என்ன கிடக்கு?"

"சூடு கிடக்கு. முகத்தில அடிக்குது. இந்தச் சீலிங் ஆர் அடிச்சது?"

"இவர்தான். போன வருசம்."

"வடிவா அடிச்சிருக்கிறார். காத்துப் போக மட்டும் வழி விடேல்லை. கூரைச் சீற்றுக்கும் சீலிங் பலகைக்கும் நடுவில சூடு குடியிருக்குது."

"துணி விக்க வந்தனீங்களோ, கட்டில் வாங்க வந்தனீங்களோ எண்டு எனக்கு விளங்கேல்லை" என்றாள் கஜனி.

"உன்ர கட்டில் ஆருக்கு வேணும். நடுவில குழி" என்று சொல்லிக்கொண்டு றாபியா எழும்பினாள். எழும்பியவள் புறங்கையால் மேற்குச் சுவரை ஒருமுறை தொட்டாள். பிள்ளைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பதுபோலத் தொட்டாள். பிறகு மூட்டையை அவிழ்த்தாள்.

றாபியா ஐம்பதை நெருங்குகிறவள். நீராவிப்பிட்டியில் வீடு. ஸ்கூட்டியின் முன்னுக்கும் பின்னுக்கும் மூட்டை கட்டிக்கொண்டு முல்லைத்தீவில் இருந்து பரந்தன் வரைக்கும் ஊர் ஊராகத் துணி விற்கிறாள். நைட்டி, பெட்சீற், சின்னப் பிள்ளைகளின் சட்டை. தேன் தடவி விற்கத் தெரியாது. பொருந்தாத நிறத்தை எடுத்தால், "உனக்கு இது எடுபடாது, வை" என்று பறித்து மடித்துவிடுவாள். சாயம் ஓடுமா என்று கேட்டால், "ஓடும். ரெண்டு கழுவலுக்கு ஓடும். பிறகு ஓடுறதுக்கு ஒண்டும் இராது" என்பாள். இப்படிச் சொல்லியும் துணி போகிறது. பொய் சொல்லாத வியாபாரியிடம் வாங்குவதில் சனத்துக்கு ஒரு நிம்மதி.

வேலிக்கு வெளியே நின்று அவள் ஸ்கூட்டி ஹோர்ன் அடிப்பதில்லை. "வீட்டுக்காரி" என்று ஒரு குரல் கொடுப்பாள். ஆம்பிளைகள் வீட்டில் இருந்தால் வாசலோடு வியாபாரம். பெண்கள் மட்டும் என்றால் உள்ளே போவாள். உள்ளே போனால் இந்தக் கட்டில் விவகாரம். தர்மபுரத்தில் ஒருத்தி, இவள் மாப்பிள்ளை வீட்டுக்காக வீடு பார்க்க வந்த தரகி என்று நினைத்து, அலுமாரியைத் திறந்து பாத்திரம் எல்லாம் காட்டினாளாம். விசுவமடுவில் இன்னொருத்தி கட்டிலில் படுக்க விடவே இல்லை. "அது எங்கட கட்டில்" என்றாள். றாபியாவுக்குக் கோபம் வரவில்லை. நியாயமான கதைதானே.

இந்தப் பழக்கத்துக்குக் காரணம் அவளுடைய கணவன் முபாறக்.

முபாறக் கூரைக்குச் சீற் அடித்த மனிதர். அரிசி ஆலை ஒன்றின் கூரையில் இருந்து விழுந்தார். அன்றில் இருந்து நெஞ்சுக்குக் கீழே உணர்வில்லை. கைகள் நன்றாக வேலை செய்யும். வாய் அதைவிட நன்றாக வேலை செய்யும். ஆனால் உணர்வில்லாத உடம்பு வியர்ப்பதில்லை. வியர்க்காத உடம்புக்குள் போன சூடு வெளியே வர வழியில்லை. வெயில் ஏறினால் முகம் சிவந்து, தலை இடித்து, கதை குழறத் தொடங்கிவிடும். ஆகையால் லுஹருக்குப் பிறகு பொழுதுபடும் மஃரிப் வரைக்கும் போட்டிருக்கும் சேட்டைக் கழற்றிவிட்டு, வெறும் மேலோடு, நனைத்த துவாயை நெஞ்சில் விரித்துக்கொண்டு கிடப்பார். துவாய் காயக் காய நனைக்க வேண்டும். றாபியா வியாபாரத்துக்குப் போன நாட்களில் அவளுடைய தம்பி பாஹிம் வந்து நனைப்பான்.

அந்த நேரத்தில் அறைக்கதவு பூட்டியிருக்கும். சேட் இல்லாமல் ஆட்களுக்கு முன்னால் கிடக்க முபாறக்குக்கு மனமில்லை. ஒரு காலத்தில் சீற் அடிக்கப் போன இடமெல்லாம் கூட்டம் சேர்த்துக்கொண்டு கதை விட்ட ஆள். கூட்டாளிகள் முதலில் பின்னேரங்களில் வந்தார்கள். பூட்டின கதவுக்கு வெளியே நின்று சுகம் விசாரித்தார்கள். கதவோடு எவ்வளவு நேரம் கதைக்கலாம்? கொஞ்சம் கொஞ்சமாக வரவு நின்றுபோனது.

இருக்கிற வீடு, இடப்பெயர்வு முடிந்து ஊர் திரும்பியபோது கிடைத்த வீட்டுத்திட்ட வீடு. சீற் கூரை. அந்தச் சீற்றை அடித்ததும் முபாறக்தான். "நான் அடிச்ச சீற் இப்ப என்னைத் திருப்பி அடிக்குது" என்று சிரிப்பார். "மற்ற ஆக்களுக்கு வீட்டில நாலு சுவர். எனக்கு ஒரே சுவர்தான். அது மேல இருக்கு."

இந்த நேரத்தில்தான் புது வீட்டுக் கதை வந்தது. நடமாட முடியாத ஆட்கள் இருக்கும் குடும்பங்களுக்கு வீடு கட்டிக்கொடுக்கும் ஒரு நிறுவனம் நீராவிப்பிட்டிக்கு வந்தது. பிரஷாந்தினி என்ற எஞ்சினியர் பிள்ளை வவுனியாவில் இருந்து வந்து, இரண்டு வகை வீடு இருக்கிறது, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னம் எது வேண்டும் என்று சொல்லுங்கோ என்றாள். சொன்ன பிறகு மாற்ற ஏலாது.

ஒன்று, கொங்கிறீற் கூரை போட்ட வீடு. மேலே வரிசையாகச் சோலர் தகடு. உள்ளே பற்றரி, இன்வேட்டர், அறைக்கு ஏ.சி. "வெயில் கூடக் கூடக் கறண்டும் கூடும் அக்கா. வெயிலைக் கொண்டே வெயிலை விரட்டுற மாதிரி" என்று பிரஷாந்தினி விளங்கப்படுத்தினாள்.

மற்றது, மண்ணோடு கொஞ்சம் சீமெந்து கலந்து மெசினில் அமுக்கிச் செய்த கல்லால் கட்டிய வீடு. ஓட்டுக்கூரை, உயரமான முகடு, முகட்டடியில் சூடு வெளியேற இடைவெளி. வீட்டின் நீளப் பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கும். மேற்கில் யன்னல் இல்லை. சோலர் கொஞ்சம்தான், லைற்றுக்கும் ஃபானுக்கும். "இது வெயிலை உள்ள விடாத வீடு. உள்ள விடாட்டி விரட்டத் தேவையில்லை."

"எது நல்லம் மகள்?"

"ரெண்டும் நல்லம்தான் அக்கா. இருக்கப்போற ஆளைப் பொறுத்தது."

"நானும் துணி விக்கேக்க இப்பிடித்தான் சொல்லுறனான்" என்றாள் றாபியா. எஞ்சினியர் பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முபாறக்குக்கு யோசனையே இல்லை. "கொங்கிறீற்" என்றார். சின்ன வயதில் தாய் தகப்பனோடு இடம்பெயர்ந்து புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தவர் அவர். மழை பெய்தால் எல்லாரும் எழும்பி, சட்டி பானைகளை ஒழுக்குக்கு வைத்துவிட்டுக் குந்தியிருக்க வேண்டும். "மண்ணிலயும் ஓலையிலயும் இருந்தது காணும். மௌத்தாகிறதுக்கு முன்னம் ஒருக்காவது கொங்கிறீற்றுக்குக் கீழ கிடக்கவேணும். பிறகு எப்பிடியும் மண்தானே."

றாபியா துணி விற்கப் போகிற வீடுகளில் படுத்துப் பார்க்கத் தொடங்கினாள்.

முதலில் தரையில்தான் படுத்தாள். கட்டிலைக் கேட்க வெட்கம். சீமெந்துத் தரையில் ஒரு பெட்சீற்றை விரித்துச் சரிந்துவிட்டு, வீட்டுக்கு வந்து அறிக்கை வாசிப்பாள். அந்த வீடு குளிர்ச்சி, இந்த வீடு மோசமில்லை, சீற் வீடுகூடச் சிலது பரவாயில்லை. ஊரில் பாதி வீடு குளிர்ச்சி என்று வந்தது. முபாறக் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் விசாரித்தார்.

"நீ எங்க படுத்துப் பாத்தனி?"

"எங்க படுக்கிறது, தரையிலதான்."

"என்னைத் தரையிலயோ போடப் போறாய்?"

றாபியா பிழிந்த துவாயை அவர் நெஞ்சில் விரித்தாள்.

"தரை எந்த வீட்டிலயும் குளிரும். நிலம் சூட்டைக் குடிச்சிடும். நான் கிடக்கிறது கட்டில்ல, மெத்தைக்கு மேல. கூரை என்ர முகத்தைத்தான் பாக்குது. இவ்வளவு நாளும் நீ பாத்தது முழுக்கத் தரை. வீடு பாக்கேல்லை." சொல்லிவிட்டு நெஞ்சு குலுங்கச் சிரித்தார். துவாய் வழுகி விழுந்தது.

றாபியா சிரிக்கவில்லை. அடுத்த கிழமையில் இருந்து கட்டிலைக் கேட்கத் தொடங்கினாள். ஏற்கெனவே பார்த்த வீடுகளுக்கும் திரும்பிப் போனாள். குளிர்ச்சி என்று சொன்ன வீடுகளில் பலது கட்டில் உயரத்தில் அடுப்பங்கரையாக இருந்தது. புதுக்குடியிருப்பில் ஒரு சீற் வீட்டில் மட்டும் முகத்தில் ஒன்றும் அடிக்கவில்லை. எழும்பிப்போய் வெளியே பார்த்தாள். கூரைக்கு மேலே வேம்பு குடை பிடித்துக்கொண்டு நின்றது. "உங்கட எஞ்சினியர் இவர்தான்" என்று வேம்பைக் காட்டி அந்த வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

பளையில் சுதாகரன் என்பவருக்கு அந்த நிறுவனம் கட்டிக்கொடுத்த கொங்கிறீற் வீடு இருந்தது. பிரஷாந்தினி கூட்டிக்கொண்டு போனாள். சுதாகரனின் தாய் நடக்க முடியாதவர். அவர் கதிரையில் இருந்தபடி தன் கட்டிலைக் காட்டி, "படுத்துப் பார் பிள்ளை, நுவரெலியா மலைக் குளிர் மாதிரி இருக்கும்" என்றார். உண்மைதான். ஏ.சி. போட்ட அறை. றாபியா படுத்தாள். படுத்தவள் நித்திரையாகிவிட்டாள். யாரோ எழுப்பித்தான் எழும்பினாள். தன் சீவியத்தில் மத்தியானத்தில் நித்திரை கொண்டது அன்றைக்குத்தான் என்று அவளே பிறகு சொன்னாள்.

எழும்பியவள் வெட்கப்பட்டுக்கொண்டு ஒன்று கேட்டாள். "மகள், இந்த மெசினை நிப்பாட்டிப்போட்டு இன்னும் கொஞ்சம் கிடக்கட்டா?"

சுதாகரனின் முகம் மாறியது. பிரஷாந்தினி தடுக்கவில்லை. தானே எழும்பிப்போய் நிறுத்தினாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பின்னேரம் அஸர் நேரமாகும்போது கொங்கிறீற் குடித்துவைத்திருந்த வெயிலை மெல்லக் கீழே இறக்கத் தொடங்கியது. சத்தமில்லாமல், அயன் பெட்டியை முகத்துக்குக் கிட்டப் பிடித்த மாதிரி. வெயில் தாழ்ந்தும் அது குறையவில்லை.

"அதுக்குத்தான் பற்றரி இருக்கு அக்கா. மெசின் நிக்காது" என்றாள் பிரஷாந்தினி. பிறகு தானாகவே சொன்னாள்: "மாரியில நாலைஞ்சு நாள் தொடர்ந்து மழை மூட்டமா இருந்தாப் பற்றரி இறங்கும். அப்ப வெயிலும் இல்லைத்தானே. பழுதானாத்தான் கரைச்சல். யாழ்ப்பாணத்தில இருந்து ஆள் வரவேணும்."

மறைக்காமல் சொன்னதற்காக றாபியாவுக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்துப்போனது. வெளியே வந்தபோது சுதாகரன் ஏணி வைத்துக் கூரைக்கு ஏறிக்கொண்டிருந்தார். தகட்டில் புழுதி படிந்தால் கறண்ட் குறையுமாம், கழுவவேண்டுமாம். றாபியா ஏணியைப் பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை. வீதிக்கு வந்து, முதுகைக் காட்டிக்கொண்டு, அவர் இறங்கிவிட்டார் என்று பிரஷாந்தினி சொல்லும் வரைக்கும் நின்றாள்.

மண்கல் வீடு ஓமந்தையில், நல்லதம்பி என்பவருடையது. தேயிலைத் தோட்டத்தில் இருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். அவருடைய மனைவி பாரிசவாதம் வந்து படுக்கையில் விழுந்தவர். இப்போது மகள் வீட்டில் வைத்தியம். பிரஷாந்தினி துணைக்கு வர, றாபியா உள்ளே போய்ப் படுத்தாள். எழும்பி வந்து, "குளிரில்லை" என்றாள். குரலில் ஒரு ஏமாற்றம் இருந்தது. பளையின் குளிர் இன்னும் உடம்பில் நின்றது.

"குளிராதுங்க தங்கச்சி" என்றார் நல்லதம்பி. "சுடவும் சுடாது. அம்புட்டுதான் இந்த வீடு."

மேற்குச் சுவருக்குப் புறங்கையை வைத்தாள். சுவருக்குக் காய்ச்சல் இல்லை. வெளியே போய்ப் பார்த்தால், சோலர் தகடுகளைக் கூரையில் வைக்காமல் மேற்குச் சுவரோடு பத்தி இறக்கினமாதிரிச் சரிவாகப் பொருத்தியிருந்தார்கள். தகட்டின் நிழல் சுவரில் விழுந்தது. நிலத்தில் நின்றுகொண்டே தண்ணீர்க் குழாயைப் பிடித்துக் கழுவலாம்.

"கொரங்குதாங்க தொல்லை" என்றார் நல்லதம்பி. "ஓட்டுமேல ஓடிப் புடிச்சு வெளையாடும். தகட்டுப் பக்கத்துல ஒக்காந்து மூஞ்சி பாத்துக்கும். அதுக்கு அது கண்ணாடி."

"ஓடு உடைஞ்சா ஆர் ஏறுறது?"

"நாந்தான். நம்ம வீட்டுக்கு நாமதானே ஏறணும்."

றாபியா அன்றைக்கு ஸ்கூட்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு வீட்டிலும் ஒரு ஏணி இருந்தது. ஒன்று அடிக்கடி ஏறுகிற ஏணி. மற்றது குரங்கு மிதித்தால் ஏறுகிற ஏணி.

வீட்டில் சொன்னாள். முபாறக் கேட்கவில்லை. "மெசினை நிப்பாட்டினா எந்த வீடும் சுடும். நிப்பாட்டச் சொன்னது ஆர்? நீ பெற்றோல் இல்லாத ஸ்கூட்டியில ஏறி இருந்துகொண்டு ஓடுதில்லை எண்டு சொல்லுறாய்."

"சரி. கொங்கிறீற்றுக்கே சொல்லுவம். ஆனா ஒருக்கா வந்து அங்க படுத்துப்போட்டுச் சொல்லுங்கோ."

"போனில படம் எடுத்துக் காட்டு."

"படத்தில சூடு தெரியாது."

"ஏ.சி. எனக்குத் தெரியும். ஆசுப்பத்திரியில கிடந்தனான்."

"இஞ்சாருங்கோ, நான் கண்ட நிண்ட சனத்தின்ர கட்டில் எல்லாம் ஏறிப் படுத்திட்டன். நீங்கள் ஒரேயொரு கட்டில்ல படுக்கமாட்டியளோ?"

"பாஹிமிட்ட லொறியைக் கேள்" என்றார் முபாறக்.

பெருநாளுக்குக் கிட்ட, பாஹிமின் சின்ன லொறியில் மெத்தை போட்டு அவரைக் கிடத்தி, விடியச் சுபஹ் தொழுகையோடு வெளிக்கிட்டார்கள். நெடுங்கேணி தாண்டியும் முபாறக் சேட்டோடு வந்தார். வெயில் சுடத் தொடங்கியதால் புளியங்குளத்தில் கழற்றினார். றாபியா அதை மடித்துப் பைக்குள் வைத்தாள். வெள்ளைச் சேட். வெள்ளிக்கிழமைகளில் போடுகிறது.

நல்லதம்பி கட்டிலை முகட்டுக்கு நேர் கீழே இழுத்துப் போட்டிருந்தார். துவாயால் நெஞ்சை மூடி, அவரும் பாஹிமுமாகத் தூக்கிக் கிடத்தினார்கள். லுஹருக்குப் பிறகு வெயில் ஏறியது. "ஐயா, இவர் சேட்டில்லாமல் கிடக்கிறார். கதவைப் பூட்டுறன், குறை நினைக்காதேங்கோ" என்றாள் றாபியா.

"நீங்க பூட்டிக்கங்க தங்கச்சி. நான் வெளியிலதான் இருக்கேன்" என்று சொல்லி நல்லதம்பி விறாந்தைக்குப் போனார். பாஹிம் லொறியை நிழலுக்கு விடப் போனான்.

றாபியா தாழ்ப்பாளைப் போட்டு, வாளித் தண்ணீரில் துவாயை நனைத்து முபாறக்கின் நெஞ்சில் விரித்தாள். ஃபான் மெதுவாகச் சுழன்றது.

"மண் மணக்குது" என்றார் முபாறக்.

"மணக்கேல்லை. நீங்கள் நினைக்கிறீங்கள்."

"மழைக்குச் சுவர் கரைஞ்சா?"

"போன மாரி முழுக்க நிண்ட சுவர்தான். கரைஞ்சதோ எண்டு அவரைக் கேளுங்கோ."

அவர் மேலே பார்த்துக்கொண்டு கிடந்தார். றாபியா கட்டில் காலடியில் தரையில் இருந்தாள். வெளியே நல்லதம்பி யாருக்கோ குரங்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பாஹிம் சிரிக்கிற சத்தம் கேட்டது. வெயில் உச்சியைத் தாண்டி மேற்கே சரிந்தது. வீட்டில் என்றால் இதற்குள் துவாயை எத்தனையோ முறை நனைத்திருப்பாள். எழும்பித் தொட்டுப் பார்த்தாள். ஈரமாக இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். சிவக்கவில்லை. துவாயை நனைக்காமலே திரும்பத் தரையில் இருந்தாள்.

வெகு நேரத்துக்குப் பிறகு முபாறக் கையை நீட்டி மேலே காட்டினார்.

"அந்த முகட்டடியில பார். ரெண்டாவது வரிசை. ஓடு ஒண்டு விலகி நிக்குது."

"எனக்குத் தெரியேல்லை."

"உனக்கெப்பிடித் தெரியும். குரங்கு மிதிச்சிருக்கும். இப்பிடியே விட்டா மாரிக்கு ஒழுகும். கீழ ஒரு கம்பி போட்டு இழுத்துக் கட்டினா எந்தக் குரங்காலயும் அசைக்க ஏலாது. அந்த மனிசனைக் கூப்பிடு, காட்டுறன்."

றாபியா எழும்பிப் போய்த் தாழ்ப்பாளில் கையை வைத்தாள்.

"பொறு" என்றார் முபாறக். "முதல் அந்தச் சேட்டைத் தா."

அவள் திரும்பி வந்து நெஞ்சில் கிடந்த துவாயை எடுத்தாள். பைக்குள் இருந்து வெள்ளைச் சேட்டை உதறிக் கொடுத்தாள். முதுகுப்பக்கம் இழுத்துவிட மட்டும் உதவினாள். பொத்தான்களை அவரே கீழே இருந்து ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு வந்தார். கழுத்துப் பொத்தானையும் விடவில்லை.

றாபியா துவாயை ஒட்டப் பிழிந்தாள். யன்னல் கம்பியில் விரித்துப் போட்டாள். பிறகு தாழ்ப்பாளை இழுத்து, இரண்டு கதவையும் சுவரோடு முட்டத் திறந்துவிட்டாள்.